99.9 விழுக்காடு: அது யாருடைய நூறு?



தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசியதை வார இறுதியில் இந்தப் பக்கத்தில் எழுத்தாகத் தரும்போது, விருந்தினர்கள் சொன்ன நல்ல கருத்துகளைத் தொகுத்து வழங்குவதே வழக்கம். இந்த வாரம் ஒரு மாறுதல். நிகழ்ச்சியில் நான் சொன்ன ஒரு பதிலைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

கணினிப் பாதுகாப்பு பற்றிய அங்கம் அது. முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. தொலைபேசியில் வந்த ஒரு பெரியவர், "ஏம்மா, ஒரு மணி நேரமா பேசுறீங்க. நான் சின்னதா ஓர் அச்சகம் வெச்சிருக்கேன். வைரஸ் வராம இருக்க எந்த மென்பொருளை வாங்கறது? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். விருந்தினர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "சோதனையில 99.9 விழுக்காடு பிடிச்சதா எது போட்டிருக்கோ, அதை வாங்குங்க ஐயா" என்றேன். இசை ஒலித்தது, நிகழ்ச்சி முடிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே கிள்ளானிலிருந்து என் அக்கா அழைத்தார். "நான் வாங்கினதுலயும் 99.9ன்னுதான் போட்டிருந்துச்சு. மறந்துட்டியா?" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அக்கா திருமண நிகழ்ச்சிகளுக்குப் படம் பிடிக்கும் சிறிய நிழற்பட நிலையம் நடத்துகிறார். ஒருநாள் மாலை, விலைப்பட்டியல் போல வந்த ஒரு மின்னஞ்சல் இணைப்பைத் திறந்துவிட்டார். கணினியில் தடுப்பு மென்பொருள் இருந்தது. கட்டணமும் கட்டப்பட்டிருந்தது. ஆனாலும் இரவுக்குள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் அறிவிப்பு திரையில் நின்றது. மூன்று திருமணங்கள், ஒரு பாட்டியின் எண்பதாம் பிறந்தநாள் விழா, எல்லாம் போயின. சில மாதங்கள் கழித்து அந்தப் பாட்டி காலமானபோது, சட்டம் போட ஒரு படம் கேட்டு அவருடைய பேரன் வந்தார். அக்காவிடம் கொடுக்க எதுவும் இல்லை.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்று உண்டு. மறுநாள் காலை அதே மென்பொருள், அதே கிருமியை, சிவப்பு எழுத்தில் பெயரோடு சுட்டிக்காட்டியது. ஓர் இரவு தாமதம், அவ்வளவுதான். அடுத்த வாரம் யாராவது அந்தக் கிருமியை வைத்து அந்த மென்பொருளைச் சோதித்திருந்தால், 'கண்டுபிடித்தது' என்று முழு மதிப்பெண் கொடுத்திருப்பார்கள்.

நான் பொதுத்தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். கணினி வல்லுநர் இல்லை. ஆகையால் நிகழ்ச்சிக்கு வந்த விருந்தினரிடம் மீண்டும் போய் உட்கார்ந்தேன். சோதனைக் கூடங்கள் வெளியிடும் செய்முறை விளக்கங்களையும் படித்தேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்.

தேர்வு வைப்பவர்கள் யார்?

பெட்டியின் மேல் ஒட்டப்பட்ட எண்ணைத் தயாரிப்பாளரே போட்டிருக்கலாம். ஆகவே முதல் கேள்வி, இதைச் சோதித்தவர் யார் என்பதே.

இத்துறையில் நீண்டகாலமாக அறியப்பட்ட சோதனைக் கூடங்கள் மூன்று. ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ். இங்கிலாந்தில் வைரஸ் புல்லட்டின். மூன்றாவது நிறுவனம் 1989இல் ஒரு சஞ்சிகையாகத் தொடங்கி, 1998 முதல் 'விபி100' என்ற தகுதிச் சான்றை வழங்கி வந்தது. சோதிப்பவர்களுக்கும் பொதுவான நெறிமுறை வேண்டும் என்பதற்காக 2008இல் ஆம்ட்சோ என்ற அமைப்பு உருவானது. சோதனைக் கூடங்களும் மென்பொருள் தயாரிப்பாளர்களும் அதில் உறுப்பினர்கள்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இக்கூடங்களின் வருமானத்தில் ஒரு பகுதி, சோதனையில் பங்கேற்கும் தயாரிப்பாளர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. தேர்வுக் கட்டணத்தை மாணவர் கட்டுவது போலத்தான் இது. கட்டணம் கட்டியதாலேயே தேர்வு பொய்யாகிவிடாது. ஆனால் கேள்வித்தாள் எப்படித் தயாரானது, எத்தனை மாதிரிகள், எந்த மாதத்தில், எந்தப் பதிப்பில் சோதித்தார்கள் என்பதை வெளிப்படையாக எழுதாத எந்தச் சோதனையையும் நாம் நம்பத் தேவையில்லை.

கடந்த ஆண்டுக் கேள்வித்தாளா, புதிய கேள்வித்தாளா?

எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைக்கு, கடந்த ஆண்டுகளின் கேள்விகளையே திரும்பக் கொடுத்தால் என்ன நடக்கும்? மனனம் செய்த பிள்ளை முழு மதிப்பெண் வாங்கும். பாடம் புரிந்ததா என்பது நமக்குத் தெரியாது.

கிருமித் தடுப்பு மென்பொருளும் இரண்டு வகையில் வேலை செய்கிறது. ஒன்று, ஏற்கெனவே பிடிபட்ட கிருமிகளின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. மற்றொன்று, முன்பின் தெரியாத ஒரு நிரல் செய்யும் காரியங்களைக் கவனித்து, இது திருட்டு வேலை என்று ஊகிப்பது. சில வாரங்கள் பழைய கிருமிகளை வைத்துச் சோதித்தால் முதல் திறமை மட்டுமே தெரியும். என் அக்காவுக்கு அன்று தேவைப்பட்டதோ இரண்டாவது திறமை.

ஏவி-டெஸ்ட் கூடம் தன் பதிவில் நாள்தோறும் நான்கரை லட்சத்துக்கும் அதிகமான புதிய தீய நிரல்களும் விரும்பத்தகாத நிரல்களும் சேர்வதாகக் கூறுகிறது. அத்தனையும் நம் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. பல, ஒரே கிருமி சட்டையை மாற்றிக்கொண்டு வருவதுதான். ஆனாலும் பட்டியலை மட்டும் நம்பி வாழ முடியாது என்பதற்கு இந்த எண்ணிக்கையே சாட்சி. அதனால்தான் அக்கூடம் பாதுகாப்புச் சோதனையை இரண்டாகப் பிரித்திருக்கிறது. அண்மைய வாரங்களில் பரவலாகக் கண்டறியப்பட்ட கிருமிகளைப் பிடிக்கிறதா என்பது ஒன்று. அன்றன்று புதிதாகக் கிளம்பும் தாக்குதல்களைத் தடுக்கிறதா என்பது மற்றொன்று. முடிவைப் படிக்கும்போது இரண்டாவது எண்ணையும் தேடிப் பாருங்கள்.

அப்படியென்றால், சோதிப்பவரே புதிய கிருமிகளைச் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். 2006இல் அமெரிக்காவின் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' பயனீட்டாளர் சஞ்சிகை அதைத்தான் செய்தது. இருந்த கிருமிகளை மாற்றியமைத்து ஏறத்தாழ 5,500 புதிய வகைகளை உருவாக்கிச் சோதித்தது. தடுப்பு மென்பொருள் துறையினர் கொதித்தெழுந்தார்கள். உலகில் கிருமிகள் போதாதா, நீங்கள் வேறு செய்ய வேண்டுமா என்பது அவர்கள் வாதம். தெரியாத கேள்வியைக் கேட்டால்தானே திறமை தெரியும் என்பது எதிர்வாதம். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

எந்த வாசலில் சோதித்தார்கள்?

ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கான கிருமிக் கோப்புகளைப் போட்டு, 'தேடு' பொத்தானை அழுத்தி, எத்தனை பிடிபட்டன என்று எண்ணுவது பழைய முறை. ஆனால் கிருமி நம்மிடம் அப்படி வருவதில்லை. இணையப் பக்கம் வழியாக, மின்னஞ்சல் வழியாக, பென்டிரைவ் வழியாக வருகிறது. நல்ல மென்பொருள் அந்த முகவரியையே தடுக்கலாம். பதிவிறக்கத்தின்போது பிடிக்கலாம். ஓடத் தொடங்கிய பிறகு அதன் செயலைப் பார்த்து நிறுத்தலாம். கடைசியில் வீடு காப்பாற்றப்பட்டதா என்பதே கேள்வி.

ஏவி-கம்பேரட்டிவ்ஸ் நடத்தும் நடைமுறைப் பாதுகாப்புச் சோதனை இந்த வகை. மெய்யான தீய முகவரிகளுக்குக் கணினியைக் கொண்டுபோய் விட்டு முடிவைப் பார்க்கிறார்கள். முடிவில் மூன்று நிறங்கள் இருக்கும். தடுத்தது, தடுக்கவில்லை, இரண்டுக்கும் நடுவே 'பயனீட்டாளரைப் பொறுத்தது'. அதாவது மென்பொருள் "இதை அனுமதிக்கவா?" என்று நம்மையே கேட்கிறது. இதற்கு அவர்கள் பாதி மதிப்பெண் கொடுக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. அவசரத்தில் இருக்கும் நாம் 'சரி' என்று அழுத்திவிடுவோம் என்பது நமக்கே தெரியும்.

இங்கே இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வைரஸ்டோட்டல் என்ற இணையச் சேவை, நாம் ஏற்றும் ஒரு கோப்பை ஏறத்தாழ எழுபது தடுப்பு எந்திரங்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கும். 2004இல் ஸ்பெயினில் தொடங்கி, 2012இல் கூகுள் வாங்கிய சேவை இது. ஐயம் தரும் கோப்பைப் பார்க்க நல்ல வழி. ஆனால் "அங்கே எங்கள் மென்பொருள் மட்டும்தான் பிடித்தது" என்று ஒருவர் பெருமை பேசினால் மயங்காதீர்கள். அங்கே ஓடுவது வீட்டில் ஓடும் முழு மென்பொருள் இல்லை. தடுப்பு மென்பொருள்களை ஒப்பிட எங்கள் சேவையைப் பயன்படுத்தாதீர்கள் என்று அந்தச் சேவையே சொல்லியிருக்கிறது.

99.5க்கும் 99.75க்கும் என்ன வேறுபாடு?

400 மாதிரிகளை வைத்துச் சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மென்பொருள் இரண்டைத் தவறவிடுகிறது. அதன் மதிப்பெண் 99.5. மற்றொன்று ஒன்றைத் தவறவிடுகிறது. அதன் மதிப்பெண் 99.75. விளம்பரத்தில் பின்னது வெற்றியாளர். உண்மையில் வேறுபாடு ஒரே ஒரு மாதிரி. சோதனை ஒருநாள் தள்ளி நடந்திருந்தால் வரிசை தலைகீழாக மாறியிருக்கக்கூடும்.

முழு மதிப்பெண்ணையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மெய்யாகவே நூற்றுக்கு ஒன்றைத் தவறவிடும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். 300 மாதிரிகளைத் தற்செயலாகப் பொறுக்கி அதன்முன் வைத்தால், ஒன்றையும் தவறவிடாமல் 'நூறு விழுக்காடு' வாங்கிவிட அதற்கு ஏறத்தாழ இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. மாதிரிகள் குறைவாக இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆகவே மாதிரி எண்ணிக்கையைச் சொல்லாத விழுக்காடு, மொத்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சொல்லாமல் 'வகுப்பில் முதலாவது' என்று சொல்வது போன்றது.

இதனால்தான் பொறுப்பான கூடங்கள் முதலிடம், இரண்டாமிடம் என்று பிரிப்பதைவிட, நெருங்கிய மதிப்பெண் பெற்றவர்களை ஒரே தரத்தில் சேர்த்துச் சான்றளிக்கின்றன. நாமும் அந்தத் தரத்தைப் பார்த்தால் போதும். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

எல்லாரையும் தடுக்கும் காவலாளி

அடுக்குமாடி வீட்டு வாசலில் ஒரு ஜாகா இருக்கிறார். திருடன் ஒருவனையும் உள்ளே விட்டதில்லை. எப்படி? யாரையுமே உள்ளே விடுவதில்லை! குடியிருப்பவர்கள், தபால்காரர், பால்காரர், எல்லாரும் வெளியே. இவருக்குத் திருடனைத் தடுத்ததில் நூற்றுக்கு நூறு. ஆனால் இவரை வேலைக்கு வைத்துக்கொள்வோமா?

பிடித்த விழுக்காட்டை மட்டும் பார்ப்பதில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். நல்ல கோப்பைக் கிருமி என்று சொல்லும் தவறான எச்சரிக்கை எத்தனை என்ற எண்ணும் கூடவே இருக்க வேண்டும். ஒரு கணக்குப் பாருங்கள். ஓர் அலுவலகக் கணினியில் இரண்டு லட்சம் கோப்புகள் இருக்கின்றன. பத்தாயிரத்தில் ஒன்றைத் தவறாகச் சந்தேகிக்கும் மென்பொருள், இருபது நல்ல கோப்புகளைக் குற்றவாளி என்று நிறுத்தும். மெய்யான கிருமி ஒன்றே ஒன்று இருந்தால், வரும் இருபத்தொரு எச்சரிக்கைகளில் இருபது பொய். நாலைந்து பொய்க்குப் பிறகு பணியாளர் எச்சரிக்கையைப் படிக்காமலேயே மூடிவிடுவார். மெய்யான கிருமி அப்போதுதான் நுழையும்.

இது கற்பனை அச்சம் இல்லை. 2010 ஏப்ரல் 21ஆம் நாள் மெக்காஃபி வெளியிட்ட ஓர் அடையாளப் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத ஒரு கோப்பையே கிருமி என்று நினைத்துக்கொண்டது. பல நாடுகளில் கணினிகள் அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தன. 2024 ஜூலை 19ஆம் நாள் நடந்தது நமக்கு நன்றாக நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. கேஎல்ஐஏவில் ஏர் ஆசியா பயணிகளும், சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்களின் பயணிகளும் கையால் எழுதிப் பதிவு செய்யும் வரிசைகளில் காத்திருந்தார்கள். அது தவறான அடையாளம் காட்டியதால் வந்த வினை இல்லை, பழுதான தரவுக் கோப்பால் வந்தது. ஆயினும் பாடம் ஒன்றே. காவலாளியாலும் வீட்டுக்குக் கேடு வரலாம்.

ஏவி-டெஸ்ட் கூடம் பாதுகாப்பு, கணினி வேகம், பயன்பாட்டு வசதி ஆகிய மூன்றுக்கும் தலா 6 புள்ளி வீதம் 18 புள்ளிகள் வைத்திருப்பதன் காரணம் இதுதான். தவறான எச்சரிக்கைகள் மூன்றாவதில் கணக்கிடப்படுகின்றன. ஏவி-கம்பேரட்டிவ்ஸ், தவறான எச்சரிக்கை மிகுந்தால் தரத்தையே இறக்கிவிடுகிறது.

சோதித்த சரக்கும் விற்ற சரக்கும்

2015 ஏப்ரல் மாத இறுதியில் மேற்சொன்ன மூன்று கூடங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சீனாவின் சிஹூ 360 நிறுவனம் சோதனைக்கு அனுப்பிய பதிப்பில் பிட்டிஃபெண்டர் நிறுவனத்தின் எந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது என்றும், பொதுமக்கள் பெரும்பாலும் பயன்படுத்திய பதிப்பில் அது இயல்பாக முடக்கப்பட்டிருந்தது என்றும் அவை குற்றஞ்சாட்டின. அவ்வாண்டில் அந்நிறுவனத்துக்கு வழங்கிய சான்றுகளை மீட்டுக்கொண்டன. நிறுவனம் தன் தரப்பு விளக்கத்தைத் தந்தது. நமக்கான பாடம் இது. சோதனை அறிக்கையில் உள்ள பதிப்பின் பெயரும் நாம் வாங்கும் பதிப்பின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் ஒன்றல்ல.

தேதியையும் பாருங்கள். 2012ஆம் ஆண்டின் இறுதியில் மைக்ரோசாஃப்ட்டின் இலவசத் தடுப்பு மென்பொருள் ஏவி-டெஸ்ட் சான்றைப் பெறத் தவறியது. பிற்காலத்தில் விண்டோசோடு சேர்ந்தே வரும் அதன் டிஃபெண்டர், அதே கூடத்தில் பலமுறை 18க்கு 18 புள்ளிகள் பெற்றது. பழைய செய்தியை நம்பி அதை ஒதுக்கினால் அநியாயம். ஒரு நல்ல முடிவை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதும் தவறு. ஓராண்டில் வந்த பல முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்து, தொடர்ந்து நன்றாகச் செய்வதைத் தேர்ந்தெடுங்கள்.

வீட்டில் நாமே சோதிக்கலாமா?

கிருமியைப் பதிவிறக்கி நம் கணினியில் விட்டுப் பார்க்கும் விபரீதம் வேண்டவே வேண்டாம். அதற்கென்றே ஐகார் சோதனைக் கோப்பு ஒன்று இருக்கிறது. மொத்தம் 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற கோப்பு. அதைக் கண்டால் கிருமி போலவே எச்சரிக்க வேண்டும் என்று தடுப்பு மென்பொருள் தயாரிப்பாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எச்சரிக்கை வந்தால் காவலாளி விழித்திருக்கிறார் என்று பொருள். அவர் கெட்டிக்காரரா என்பது அதில் தெரியாது. அலுவலகக் கணினியில் இதைச் செய்வதாக இருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அந்தப் பெரியவருக்கு

ஐயா, அன்று அவசரத்தில் சொன்ன பதிலை மீட்டுக்கொள்கிறேன். மென்பொருளை வாங்குமுன் ஆறு கேள்விகள் கேளுங்கள். சோதித்தது யார்? எந்த மாதம், எந்தப் பதிப்பு? எத்தனை மாதிரிகள், பழையதா புதியதா? இணையம் வழியே வரும் மெய்யான தாக்குதலில் சோதித்தார்களா? தவறான எச்சரிக்கை எத்தனை? ஓராண்டாகத் தொடர்ந்து நன்றாகச் செய்கிறதா? இந்த ஆறிலும் தேறியவை ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும். அவற்றில் உங்கள் கணினியை மெதுவாக்காததையும், உங்கள் கைக்கு அடக்கமான விலையையும் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தச் சோதனையும் சொல்லாத ஒன்று மீதம் இருக்கிறது. மிகச் சிறந்த மென்பொருளும் எதையாவது தவறவிடும். அது ஆயிரத்தில் ஒன்றாகவே இருக்கட்டும். அந்த ஒன்று உங்கள் அச்சகத்துக்கு வரும் நாளில், மற்ற 999ஐப் பிடித்த பெருமை உங்களுக்கு உதவாது. என் அக்கா இப்போது ஒவ்வோர் இரவும் படங்களை வெளி வன்தட்டில் நகலெடுத்து, கம்பியைக் கழற்றி, வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறார். கணினியோடு இணைந்தே இருக்கும் நகலையும் கிருமி பூட்டிவிடும் என்பதால்தான் கம்பியைக் கழற்றுகிறார்.

ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னீர்கள் ஐயா. நகலெடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.